ஒழுகவேண்டிய கூரை

சென்ற ஆண்டு சரஸ்வதி பூசையன்று, பிற்பகல் மூன்று மணிக்கு, லண்டன் கிங்ஸ்பரியில் உள்ள எங்கள் வீட்டு வாயில்மணி ஒலித்தது. அந்த மணியோசைக்குப் பின் ஒரு கிழமைக்குள், ஏழெட்டு நாளில், நடந்தவற்றை என் மனைவியைத் தவிர வேறெவரிடமும் நான் முழுமையாகக் கூறியதில்லை. நல்ல பெயர் எடுத்த ஒருவன் தன் பிழையைத் தானே அச்சில் ஏற்றுவது எளிதன்று. ஆயினும், வாய்திறக்க வேண்டிய இடத்தில் திறவாதிருந்தால் என்ன நேரும் என்பதை எழுபத்து நான்காவது வயதில்தான் அறிந்துகொண்டேன். ஆகையால் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் கட்டடப் பொறியியல் கற்றவன். லண்டனில் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலில் முப்பத்தோராண்டு கட்டடப் பரிசோதகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். கோயில் மண்டபத்தைத் திருத்துவதென்றாலும், பழைய மாணவர் சங்கத்தில் ஒரு தீர்மானம் எழுதுவதென்றாலும் என்னிடம் கேட்டுத்தான் செய்வார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்றொரு பெயர். அந்தப் பெயரை, இஸ்திரி போட்ட சட்டையைப் போல, கசங்காமல் வைத்திருந்தேன்.

இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தது அதற்கு முந்திய ஆண்டு வைகாசியில். எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதைக் கடந்த யூதப் பெரியவர் ஒருவர் தனியே வாழ்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். அவருக்கு அடுத்த வீட்டில், கானா நாட்டைச் சேர்ந்த மருத்துவமனைத் தாதி ஒருவர். மூன்று வீடுகளின் பின்தோட்டங்களையும் மரவேலிகள் மட்டுமே பிரிக்கின்றன. எங்கள் மாடி ஜன்னலில் நின்றால் மூன்றையும் பார்க்கலாம். நான் நிற்பேன். அது பழைய தொழில் விட்ட வழக்கம்.

குடிவந்த அந்த ஆண்டு புரட்டாதியில், பனிமூட்டமான ஒரு காலையில், பெரியவரின் தோட்டத்தில் ஒரு கொட்டில் முளைத்திருந்ததைக் கண்டேன். இரண்டு பக்கம் பழைய பலகைகள். ஒரு பக்கம் எங்கோ கழற்றிய கதவு. நான்காவது பக்கம் வெறும் படுக்கை விரிப்பு. மேலே மூங்கில்களைப் பரப்பி, இலையோடு வெட்டிய கிளைகளைப் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் மடக்குக் கட்டில்கள் இரண்டு உள்ளே போயின. அதற்கடுத்த காலை, நான் முன்பின் பார்த்திராத இரண்டு ஆண்கள் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

லண்டனில் பின்தோட்டக் கொட்டில்களில் ஏழைகளைக் குடிவைக்கும் கொடுமையை என் பணிக்காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். நான் உடனே முடிவுக்கு வந்துவிட்டேன். "இஞ்சாருங்கோ, வேலிக்கு மேலாலை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் மனைவி. கேட்பது பரிசோதகரின் முறையன்று என்று அவளுக்கு விளக்கினேன். கவுன்சிலுக்கு மூன்று பந்திகளில் ஒரு முறைப்பாடு எழுதினேன். இரண்டாவது பந்தியில் இருந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தனிப்பெருமை: ‘கூரை என்று கருதத்தக்க எதுவும் இதில் இல்லை, மழைநீர் தங்குதடையின்றி உள்ளே இறங்கும்.’ என் பெயரை வெளியிடலாகாது என்ற வேண்டுகோளோடு முடித்தேன்.

ஒரு கிழமை சென்றதும் கொட்டில் மறைந்துவிட்டது. நான் அதையும் மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் எங்கள் வரவேற்பறையில் அமர்ந்திருந்தார். கையில் கவுன்சிலின் கடிதம். நான் முன்னாள் பரிசோதகர் என்பதை அறிந்திருந்தமையால், ஆலோசனை கேட்டு வந்திருந்தார். என்னை ‘இன்ஸ்பெக்டர்’ என்றே அழைப்பார். கடிதத்தை வாங்கிப் படித்தேன். என் வாக்கியம் ஒரு சொல்லும் மாறாமல் அதில் இருந்தது.

அது கூடாரப் பண்டிகைக்கான கொட்டில் என்று அவர் அமைதியாக விளக்கினார். சுக்கோத் என்பது அவர்கள் வழங்கும் பெயர். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட அவர்களுடைய முன்னோர் நாற்பது ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்தபோது, இத்தகைய கொட்டில்களில்தான் தங்கினார்களாம். அதை மறவாதிருப்பதற்காக ஆண்டுக்கு ஒரு கிழமை உறுதியான வீட்டை விட்டு இறங்கி, உறுதியற்ற ஒன்றில் உண்பார்கள், இயன்றவர்கள் உறங்குவார்கள். போர்வை சுருட்டியவர்கள் அவருடைய மருமகனும் வளர்ந்த பேரனும். கவுன்சிலுக்கு இதையெல்லாம் தெரிவித்துவிட்டாராம். ஆயினும், இனியொரு முறை எழுப்பினால் அலுவலர் வந்து பார்வையிடுவார் என்று கடிதத்தின் கடைசி வரி கூறியது. பண்டிகை மேசையருகே ஓர் அலுவலர் குறிப்பேட்டோடு நிற்பதை அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. இனிமேல் கட்டுவதில்லை என்றார்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

தாதியின் மாடி ஜன்னலும் தம் தோட்டத்தை நோக்கியே இருக்கிறது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். பின்பு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அவர்தான் எழுதியிருப்பார், இல்லையா?"

"இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின், மாடி ஜன்னலில் நின்று நான் கண்டது வேறொரு காட்சி. அதுவரை அந்த இருவரும் வேலிக்கு மேலாகத் தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். குப்பை எடுக்கும் நாளில் தாதி வேலை முடிந்து வரும்போது, பெரியவரின் குப்பைத் தொட்டியையும் உள்ளே இழுத்து வைப்பார். இப்போது பெரியவர் விடியுமுன்பே எழுந்து, வளைந்த முதுகோடு, தாமே அதை இழுத்தார். தாதி வணக்கம் சொன்னால் அவர் ரோசாச் செடியைப் பார்த்தார். மாரி, இளவேனில், கோடை என்று ஓராண்டு முழுவதும் இதைப் பார்த்தேன். ஜன்னலை விட்டு விலகியிருக்கலாம், விலகவில்லை.

இனி, அந்த வாயில்மணிக்கு வருகிறேன்.

சரஸ்வதி பூசைக்கு என் தொழிற்கருவிகளை ஆண்டுதோறும் படத்தின் முன் வைப்பது வழக்கம். மட்டக்கோல், தூக்குக்குண்டு, இரும்பு அளவுநாடா, ஒரு மைப்பேனா. அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டிருந்தபோதுதான் மணி ஒலித்தது. வாசலில் பெரியவர் நின்றார். கையில், கோல்டர்ஸ் கிரீன் கடையொன்றில் வாங்கிய தேன் கேக் பெட்டி. உள்ளே அமர நேரமில்லை என்றார். சூரியன் மறையுமுன் உணவை முடித்துவிட வேண்டுமாம். அதன்பின் மறுநாள் இருட்டும்வரை ஒரு சொட்டு நீரும் அருந்தாமல் யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு விரதம்.

அவர் ஆங்கிலத்தில் கூறியதைத் தமிழில் தருகிறேன்.

"கடவுளுக்குச் செய்த பிழையை நாளைய விரதம் கழுவிவிடும், இன்ஸ்பெக்டர். மனிதனுக்குச் செய்ததை அது தொடாது. அவரவர் வாசலுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். போன வருடம் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, ஆதாரம் இல்லாமல் ஒரு பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசினேன். உங்களையும் கேட்க வைத்தேன். அவரிடம் போய்விட்டுத்தான் வருகிறேன். நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்."

தொப்பியைக் கையில் எடுத்து, அதனடியில் அணிந்திருந்த சிறு தலைக்குல்லாவோடு நின்றார். எங்கள் முன்கதவுக் கண்ணாடியின் நிறங்கள் அவர் முகத்தில் விழுந்து அசைந்தன.

நான் நிமிர்ந்து நின்று, கம்பீரமாக, "மன்னித்தேன்" என்றேன்.

அவர் நன்றி கூறிப் படியிறங்கினார். சமையலறை வாசலில் நின்ற என் மனைவி என் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"வடிவாயிருக்கு. அடிச்ச ஆள், அடி வாங்கின ஆளை மன்னிச்சுப்போட்டு வந்து நிக்கிறார்."

"நான் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அது காணாதோ?"

அன்றிரவு நன்றாக உறங்கியதாகக் காலையில் அவளிடம் கூறினேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் விஜயதசமி. எங்கள் நாளும் அவர்கள் நாளும் ஒன்றாக வந்திருந்தன. காலையில் தெருவில் ஒலியே இல்லாத ஓர் ஊர்வலம் போலச் சிலர் நடந்து சென்றார்கள். பலர் வெண்ணிற உடை. அன்று தோற்செருப்பு அணிவதில்லை என்பதால், கோட்டும் சூட்டும் அணிந்தவர்கள்கூடக் கித்தான் துணிச் சப்பாத்தோடு, நிலத்தில் கால் படாதவர்களைப் போல நகர்ந்தார்கள். பெரியவரும் வெள்ளை அங்கியோடு அவர்களுடன் சென்றார். அவருடைய வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள், இறந்துபோன மனைவிக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி, பகல் வெளிச்சத்திலும் எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் அந்தச் சுடர் அசைவதை நான் நெடுநேரம் பார்த்தேன். அது என்னைப் பார்ப்பது போலவும் இருந்தது.

பூசையில் வைத்த கருவியை விஜயதசமியன்று எடுத்து ஏதேனும் ஒரு வேலையைத் தொடங்க வேண்டும். என் கை போகவில்லை. பிற்பகல் இரண்டரை மணியளவில் மனைவி வந்து, "வைச்சதை எடுக்கோணும். இந்தமுறை என்ன தொடங்கப் போறியள்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

அவர்களுடைய தொழுகைக்கூடம் இருபது நிமிட நடை. கதவருகே நின்ற காவலர், நான் யாரென்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்காகக் காத்திருப்பதாகக் கூறினேன். எதிர்ப்பக்கம் போய் நிற்கும்படி பணிவோடு சொன்னார். எத்தனையோ கட்டடங்களுக்குள் அடையாள அட்டையைக் காட்டி நுழைந்த நான், அந்தத் தெருவோரத்தில், மஞ்சள் இலைகள் தோளில் விழ, ஒன்றரை மணி நேரம் நின்றேன். உள்ளேயிருந்து பாட்டும் முனகலுமாக ஓர் ஓசை அலைபோல எழுந்து எழுந்து அடங்கியது. மொழி புரியவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு வேண்டியதையே அது சொல்வதாகத் தோன்றியது.

நான்கரை மணிபோல இடைவேளை வந்தது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்க வெளியே வந்தார். என்னைக் கண்டதும் வியந்தார். அருகிலிருந்த சிறு பூங்காவின் மரவாங்கில் இருவரும் அமர்ந்தோம். வெயில் சாய்ந்து, புல்வெளியெங்கும் தேன் பூசியது போலிருந்தது. விரதத்தால் அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

வழி நெடுக நான் அழகான மூன்று வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். வாங்கில் அமர்ந்ததும் அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"அந்த முறைப்பாட்டை எழுதியது நான்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "‘கூரை என்று கருதத்தக்க எதுவும் இல்லை.’ அந்த வரி உங்களுடையதா?"

"என்னுடையதுதான்."

அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கொட்டிலின் கூரை மண்ணில் முளைத்தவற்றால்தான் வேயப்பட வேண்டுமாம். பகலில் நிழல் தரவேண்டும். இரவில் அதனூடே நட்சத்திரம் தெரியவேண்டும். பெருமழை பெய்தால் உள்ளே விழவேண்டும். ஒழுகாத கூரை போட்டால் அந்தக் கொட்டில் பண்டிகைக்கு ஆகாது. "என் ஆயுளில் என் கொட்டிலுக்கு இவ்வளவு சரியான நற்சான்று யாரும் எழுதித் தந்ததில்லை" என்றார்.

நானும் சிரிக்க முயன்றேன். அதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"கடிதம் பெரிதில்லை. தெரியாமல் எழுதினீர்கள். ஆனால் நான் கேட்டபோது ‘இருக்கலாம்’ என்றீர்களே. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் அந்தப் பெண்ணுக்கு முகம் கொடுக்காமல் இருந்துவிட்டேன்." மேற்கே பார்த்தார். "என் பங்கை மன்னித்துவிட்டேன். அவருடைய பங்கு என் கையில் இல்லை, இன்ஸ்பெக்டர்."

சூரியன் மறையும்போது அந்நாளின் வானக் கதவுகள் சாத்தப்படுகின்றன என்பது அவர்களுடைய நம்பிக்கை. கடைசித் தொழுகைக்கு அவர் திரும்பிப் போனார். நான் வீட்டை நோக்கி, என் வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் நடந்தேன். என் நம்பிக்கையில் அப்படியொரு கதவு இல்லை. ஆயினும், அன்று அது என் முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்லச் சாத்தப்படுவதை உணர்ந்தேன்.

தாதி சீருடையில், இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே சொன்னேன், கடிதத்தையும் அந்தச் சொல்லையும். அவர் கைப்பையின் பட்டியைத் தோளில் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் ஏன் முகத்தைத் திருப்புகிறார் என்று ஒரு வருடம் யோசித்தேன்" என்றார். "என் நிறம்தான் காரணம் என்று முடிவுசெய்து, அதோடு தினமும் வேலைக்குப் போய் வந்தேன். நேற்று அவர் வந்து அழுதார். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை." என்னை நேராகப் பார்த்தார். "இப்போது தெரிந்துவிட்டது. எனக்குப் பஸ் வந்துவிடும்."

கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கவுன்சிலுக்கு எழுதினேன். என் முறைப்பாடு தவறானது என்றும், அது சமயக் கொட்டில் என்றும், மீண்டும் எழுப்பப்பட்டால் அலுவலர் வரத் தேவையில்லை என்றும். இம்முறை என் முழுப்பெயரைப் போட்டு ஒப்பமிட்டேன். பின்பு பூசையறைக்குப் போய், மட்டக்கோலையும் தூக்குக்குண்டையும் எடுத்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதை அவள் முகம் காட்டியது.

விரதம் முடிந்த மாலையிலேயே, உணவு கொண்ட கையோடு, கொட்டிலுக்கு முதல் ஆணியை அறைவது அவர்கள் வழக்கமாம். வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்து சிறிது நேரத்துக்குப் பின், வேலிக்கு அப்பால், இனிமேல் கட்டுவதில்லை என்றவரின் சுத்தியல் ஓசை தயங்கித் தயங்கிக் கேட்டது. நான் குங்குமம் பூசிய மட்டக்கோலோடு போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மட்டக்கோலைப் பார்த்தார், பலகையின் மறுமுனையைப் பிடிக்கும்படி கண்ணால் காட்டினார்.

வெள்ளியும் ஞாயிறும் வேலை செய்தோம். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள், யாரும் கைவைக்கவில்லை. சுவர்களை நான் தூக்குக்குண்டிட்டு நேராக நிறுத்தினேன். கூரைக்கு வந்தபோது என் கை தானாகவே கிளைகளை நெருக்கி இடைவெளிகளை அடைத்தது. பெரியவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "போதும், போதும். கூரை ஆக்கிவிடாதீர்கள்" என்றார். வேலிக்கு மறுபுறம் என் மனைவி சத்தமாகச் சிரித்தாள்.

திங்கள் மாலை பௌர்ணமி, பண்டிகையின் முதல் இரவு. எங்களை அழைத்திருந்தார். அவர்களுடைய உணவு விதிப்படி எங்கள் பாத்திரத்தில் சமைத்ததை அவர் உண்ணமாட்டார் என்பதால், மனைவி முழுப் பழங்களாகக் கொண்டுவந்தாள். அவருடைய மருமகன் அவர்களின் வேதமொழியில் ஏதோ பாடினார். இலைகளின் இடைவெளியில் நிலவு துண்டு துண்டாக இறங்கி, மேசை விரிப்பிலும் ரொட்டியிலும் எங்கள் கைகளிலும் கிடந்தது. காற்று வரும்போதெல்லாம் அந்தத் துண்டுகள் இடம் மாறின. நாங்கள் ஏதோ ஒரு படகில் அமர்ந்து எங்கோ மிதந்து போவதைப் போலிருந்தது.

இப்படிப்பட்ட ஒன்றில் எப்போதாவது உறங்கியிருக்கிறீர்களா என்று பெரியவர் இயல்பாகக் கேட்டார். இல்லையென்று சொல்வதற்கு வாய் திறந்தேன். உயர்கல்விக்காக விமானம் ஏறி வந்தவன் என்றுதான் இந்த நகரம் என்னை அறியும். என் பிள்ளைகளும் அப்படித்தான் அறிவார்கள். ஆனால் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்கு மாதம்" என்றேன். ஊரில், சண்டைக்காலத்தில் வீட்டை இழந்து, கோயில் வீதியில், தென்னங்கிடுகுக்குப் பஞ்சமாகிப் பாதி மூடிய ஒரு கொட்டிலில், மழையில் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற நான்கு மாதம். அதற்குமுன் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரியவர் வியக்கவில்லை, இரக்கமும் காட்டவில்லை. "அப்படியானால் உங்களுக்கு இந்தப் பண்டிகையை நான் விளக்கத் தேவையே இல்லை" என்று கூறி, ரொட்டியில் ஒரு துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

மூன்றாம் நாள் மாலை தாதி வந்தார். பெரியவர் அழைத்திருந்தார். செம்மஞ்சள் தோடம்பழங்கள் நிறைந்த பையை மேசையில் வைத்துவிட்டு, எனக்கு நேரெதிரே அமர்ந்தார். அவர் பெரியவரோடு தக்காளியைப் பற்றியும் பனிக்குளிரைப் பற்றியும் பேசினார், என்னோடு பேசவில்லை. சற்றுநேரத்தில் தூறல் தொடங்கியது. இலைகளைக் கடந்து வந்த ஒரு துளி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. நான் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினேன். அப்போது அவர், பேச்சை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல், மேசையிலிருந்த காகிதக் கைத்துடைப்பான் ஒன்றை எடுத்து என் கைக்கருகே வைத்தார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை; அவரும் கூறவில்லை. பெரியவரின் குப்பைத் தொட்டி மீண்டும் அவர் கையால் உள்ளே போகிறது; மழைநாளில் சிலவேளை எங்களுடையதும்.

ஒழுகாத கூரைக்கு மட்டுமே முப்பத்தோராண்டு ஒப்பமிட்டவன் நான். என் பெயரையும் அவ்வாறே வேய்ந்து, அதன் கீழ் ஒருவரையும் வரவிடாமல் தனியே குடியிருந்திருக்கிறேன் என்பதை, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் இப்போது எண்ணிக்கொள்கிறேன்.